வசந்தத்தில் பூவும் பறவையும் வேண்டுமானால்: வீட்டுத் தோட்டத்திற்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுத் தோட்டத்தில் வசந்தகாலப் பூக்களையும் அவற்றைத் தேடி வரும் உயிர்களையும் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட முதல் ஆண்டில், வசந்தம் பிறந்த பிறகு கடைக்குப் போய், விலை குறைத்து விற்றுக்கொண்டிருந்த டியூலிப் கிழங்குகளை ஒரு பை நிறைய வாங்கி வந்து நட்டேன். பாதி அழுகிப்போயின, மீதி இலை மட்டும் விட்டு நின்றுவிட்டன. இரண்டாம் ஆண்டில் பருவம் பார்த்து நட்டேன்; ஒரே வாரத்தில் அணில்கள் தோண்டித் தின்றுவிட்டன. மூன்றாம் ஆண்டில் தோட்டம் முழுக்கப் பூ இருந்தது, ஆனால் ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் ஆண்டில்தான் பூவும் வந்தது, தேனீயும் வந்தது, வேலியோரத்துப் புதரில் ஒரு குருவி கூடும் கட்டியது. இடையில் வீணான பணத்தையும் மூன்று வசந்தங்களையும் நீங்களாவது மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒரு பருவம் உள்ள இடங்களை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். உறைபனி அறியாத ஊர்களில் மாறுபடும் விஷயங்களை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

1. முதலில் நாட்காட்டியில் தேதிகளைக் குறியுங்கள்

வசந்தத்திற்கான வேலை வசந்தத்தில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. வட அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரை பூக்கும் கிழங்குச் செடிகளைச் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் நட்டிருக்க வேண்டும். தென் அரைக்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் பிறப்பதால், அங்கே நடவு ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. டியூலிப், ஹயாசிந்த் போன்றவற்றின் கிழங்குக்குள் பூமொட்டு முன்பே உருவாகியிருந்தாலும், அது தண்டோடு நீண்டு வெளியே வருவதற்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் வரை 2 முதல் 9 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர் தேவைப்படுகிறது. அந்தக் குளிர் கிடைக்காத கிழங்கு இலையைத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும், அல்லது மண்மட்டத்திலேயே குள்ளமாக ஒரு பூவை விரித்துவிட்டு முடிந்துவிடும். நான் முதல் ஆண்டில் கண்டது இதைத்தான்.

நடவிலும் ஒரு வரிசை உண்டு. டாஃபடிலும் குரோக்கஸும் முன்னதாக மண்ணுக்குள் போக வேண்டும்; அவை வேர்விட நேரம் எடுத்துக்கொள்ளும். டியூலிப்பைக் கடைசியாக, மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நடுவது நல்லது. கதகதப்பான ஈரமண்ணில் அதற்குப் பூஞ்சை நோய் எளிதில் பற்றும்.

உறைபனி இல்லாத ஊரில் இருப்பவர்கள் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அதே 12 முதல் 16 வாரங்கள் வைத்திருந்து நடலாம். அந்தப் பெட்டியில் பழங்கள் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். இவ்வளவு செய்தாலும் அடுத்த ஆண்டு அந்தக் கிழங்கு மீண்டும் பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என்னைக் கேட்டால், அந்த ஊர்களில் டியூலிப்புக்கு ஆசைப்படுவதைவிட, குளிரே கேட்காத அமரில்லிஸ், மழை லில்லி போன்றவற்றை நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

2. தாள்களையும் அனுமதிகளையும் சரிபாருங்கள்

தோட்டத்திற்கு என்ன தாள் வேலை என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் காட்டுப்பூ விதைகளை இணையத்தில் வாங்கினேன். பொட்டலத்திற்குப் பதிலாக, அது சுங்கத்தில் தடுக்கப்பட்டு அழிக்கப்பட்டது என்ற கடிதம்தான் வந்தது. பணம் திரும்பவில்லை. விதை, கிழங்கு, நாற்று எதுவானாலும், எல்லை தாண்டி வரும்போது பெரும்பாலான நாடுகள் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழைக் கேட்கின்றன. சில நாடுகளில் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். விற்பவர் உறையில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்புவதால் இந்த விதி தளர்ந்துவிடாது. பயணப்பெட்டியில் நாலு கிழங்குகளைப் போட்டுக்கொண்டு வருவதும் இதே கணக்குதான். அறிவிக்காமல் கொண்டுவந்தால் அபராதம் வரை போகலாம்.

வாடகை வீடென்றால் மண்ணைத் தோண்டுவதற்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் வீட்டைக் காலி செய்யும் நாளில் உதவாது. குடியிருப்புச் சங்கம் இருக்குமானால், புல் எவ்வளவு உயரம் வளரலாம், பறவைத் தீவனம் தொங்கவிடலாமா என்பவற்றை அதன் விதிகளில் படித்துப் பாருங்கள். குட்டை வெட்டப் போகிறீர்களானால், அந்த இடத்தில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஊடுருவும் தாவரங்களின் பட்டியலைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிச் செடி என்று பெயர் சூட்டி விற்கப்படும் பட்லியா சில பகுதிகளில் களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ‘காட்டுப்பூக் கலவை’ என்று மட்டும் அச்சிட்டு, உள்ளே இருக்கும் இனங்களின் அறிவியல் பெயர்களைச் சொல்லாத விதைப் பொட்டலத்தை வாங்காதீர்கள்.

3. கிழங்கை எண்ணி வாங்காமல், பார்த்து வாங்குங்கள்

பொட்டலத்தின் மேல் 12/+ என்பதுபோல ஓர் எண் இருக்கும். அது கிழங்கின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் சொல்கிறது. டியூலிப்புக்கு 12-க்கு மேலும், ஹயாசிந்துக்கு 15-க்கு மேலும், குரோக்கஸுக்கு 9 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அந்த ஆண்டே நல்ல பூ வரும். ‘நூறு கிழங்குகள், நம்ப முடியாத விலை’ என்று வரும் பைகளில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. இருந்தாலும் சிறியதாக இருக்கும். சிறிய கிழங்கு உடம்பு தேற்றிப் பூப்பதற்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும்.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல கிழங்கு வெங்காயத்தைப் போலக் கெட்டியாகவும், தன் அளவுக்குச் சற்றுக் கனமாகவும் இருக்கும். மேல்தோல் உரிந்திருப்பது குற்றமில்லை. மேலே நீலம் பூத்தாற்போல லேசாகப் பூசணம் இருந்தால் துடைத்துவிட்டு நடலாம். அடிப்பக்கம், அதாவது வேர் கிளம்பும் வட்டமான தட்டு, மெத்தென்று அமுங்கினாலோ, கிழங்கு சக்கைபோல எடையற்று இருந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். நான் முதல் ஆண்டில் வாங்கிய பையில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன.

செடியின் குளிர்தாங்கும் அளவும் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடம் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை வைத்து 13 மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதன் திருத்திய பதிப்பு 2023-இல் வந்தது. பிரிட்டனில் எச்1 முதல் எச்7 வரை என்று இன்னொரு வரிசை உண்டு. அதில் எண் கூடக்கூடக் குளிர்தாங்கும் வலிமையும் கூடும். அமெரிக்க வரைபடத்தில் எண் குறையக்குறையத்தான் குளிர் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் செடி போய்விடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பகட்டான பெரிய டியூலிப் வகைகளில் பல முதலாண்டில் அமர்க்களமாகப் பூத்துவிட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் தேய்ந்துபோகும். ஆண்டுதோறும் வாங்க வேண்டிய செலவு அது. டாஃபடில், குரோக்கஸ், ஸ்னோடிராப், காட்டு டியூலிப் இனங்கள் ஆகியவை ஒருமுறை வாங்கினால் வருடா வருடம் வருவதோடு பெருகவும் செய்யும். பணத்தின் பெரும்பகுதியை இரண்டாவது கூட்டத்தில் போடுங்கள். முதலில் ஸ்னோடிராப், பிறகு குரோக்கஸ், அதன்பின் டாஃபடில், டியூலிப், கடைசியில் அல்லியம் (வெங்காய இனத்து அலங்காரப் பூ) என்று பூக்கும் வரிசை பார்த்து வாங்கினால், பூக்காலம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடாமல் மாதக்கணக்கில் நீளும்.

வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். அதன் இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் உட்பட எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். டாஃபடில் கிழங்கும் நச்சுள்ளது. வெங்காயம் வைத்திருக்கும் இடத்திற்கு அருகில் அதை வைக்காதீர்கள். ஹயாசிந்த் கிழங்கைத் தொட்டால் தோல் அரிக்கும் என்பதால் கையுறை தேவை.

4. நடும்போது ஆழமும் வடிகாலும்

கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. டியூலிப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், குரோக்கஸுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் போதும். கூர்முனை மேலே இருக்க வேண்டும். எது மேல், எது கீழ் என்று தெரியாத கிழங்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள். தண்டு தானே வழி கண்டுபிடித்து நிமிர்ந்துகொள்ளும்.

கிழங்கைக் கொல்வது குளிரைவிட, தேங்கும் தண்ணீர்தான். 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் மணிக்கு 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடம் கிழங்குக்கு ஆகாது. களிமண்ணை இளக்குவதற்கு மணலைக் கொட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் கொட்டினேன், மண் காய்ந்தபோது காரைபோல இறுகிவிட்டது. மட்கிய உரத்தைக் கலந்து மேட்டுப்பாத்தி அமைப்பதே சரி. அதுவும் முடியாதென்றால் அடியில் துளையுள்ள தொட்டி போதும்.

அணில்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இது. அவற்றை இழுப்பது பெரும்பாலும் புதிதாகக் கிளறிய மண்ணும், நடும்போது மேலே சிந்திவிடும் கிழங்குத் தோலும்தான். சிந்திய தோலைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்ணை அழுத்தி மூடி, அதன்மேல் 2.5 சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையைப் பரப்பி, ஓரங்களில் கல் வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் வலையை எடுத்துவிடலாம். மிளகாய்த்தூள் தூவும் யோசனை ஒரு மழைக்கு மேல் நிற்காது. டாஃபடிலை மட்டும் அதன் நச்சு காரணமாக அணில் பெரும்பாலும் தொடாது.

5. பூ வாடிய பிறகு ஆறு வாரம் பொறுங்கள்

பூ முடிந்ததும் வாடிய தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைகள்தாம் கிழங்குக்குள் சேமிக்கின்றன. குறைந்தது ஆறு வாரமாவது, அல்லது அவை தாமே மஞ்சளாகிச் சாயும் வரை, அப்படியே விட வேண்டும். அவலட்சணமாக இருக்கிறதென்று சிலர் இலைகளைப் பின்னி முடிச்சுப் போடுவார்கள். அதனால் இலைமேல் வெயில் படுவது குறையும். புல்தரைக்குள் குரோக்கஸ் நட்டிருந்தால், அந்தப் பகுதியில் புல்வெட்டியை அதுவரை ஓட்டக் கூடாது.

6. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வேண்டும்

என் மூன்றாம் ஆண்டுத் தோட்டத்தை எந்தத் தேனீயும் சீண்டாததற்குக் காரணம், நான் வாங்கியவை எல்லாம் அடுக்குப் பூக்களாக இருந்ததுதான். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருக்கும். பார்க்க அழகு, ஆனால் பூச்சிக்கு உள்ளே மகரந்தமும் இருக்காது, தேன் இருக்கும் இடத்திற்குப் போக வழியும் இருக்காது. நடுவில் மஞ்சளாக மகரந்தம் தெரியும் ஒற்றை அடுக்குப் பூக்களையே தேர்ந்தெடுங்கள். ஒரே இனத்தை ஒரே இடத்தில் கூட்டமாக நடுங்கள்.

முன்வசந்தத்தில் முதலில் வெளியே வருவது உருண்டையான, ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீயின் ராணி. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தனியாக உறங்கிவிட்டு எழுந்து வரும் அந்த ராணிக்கு அன்றைய தினமே தேன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு அது ஒரு கூட்டையே உருவாக்காமல் மடியும். அதனால்தான் குரோக்கஸை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். வெயில் ஏறியதும் குரோக்கஸ் பூ விரியும். அதற்குள் ராணி தலைகீழாக இறங்கி, ஆரஞ்சு நிற மகரந்தம் முதுகெல்லாம் அப்பிக்கொள்ள வெளியே வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த இலையுதிர்காலத்தில் நீங்களே இன்னும் ஐம்பது கிழங்கு வாங்குவீர்கள்.

தனித்து வாழும் தேனீ இனங்களில் பெரும்பான்மையானவை மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன. வெயில் படும் ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டர் மண்ணை மூடாக்குப் போடாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள். செலவே இல்லாத ஏற்பாடு இது. ‘தேனீ விடுதி’ என்று விற்கப்படும் பெட்டிகளை வாங்குவதானால், துளைகள் 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உடையனவாகவும், பின்பக்கம் அடைபட்டதாகவும், குழாய்களை ஆண்டுதோறும் மாற்றத்தக்கதாகவும் இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் உண்ணிகளும் பூசணமும் சேர்ந்துவிடும். அலங்காரத்திற்காகச் செய்யப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. அதன் புழு தின்பதற்கு இலையும் வேண்டும். ஒவ்வோர் இனமும் சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். மோனார்க் வண்ணத்துப்பூச்சி எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளையும், மயில்கண் வண்ணத்துப்பூச்சி செந்தட்டி வகையையும் தேடிப் போகும். உங்கள் பகுதியில் எந்த இனம் உண்டு, அது எந்தச் செடியில் முட்டையிடும் என்று தெரிந்துகொண்டு நடுங்கள். பிறகு இலையில் ஓட்டை விழுந்தால் வருத்தப்படாதீர்கள், அதற்காகத்தானே நட்டீர்கள்.

நர்சரியில் வாங்கும் செடிக்கு நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி இடப்பட்டதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வேரிலோ விதையிலோ இட்ட மருந்து செடி முழுவதும் பரவி மகரந்தம் வரை சென்றுவிடும். அவற்றுள் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. ‘தேனீக்களுக்கு உகந்தது’ என்ற சீட்டு ஒட்டியிருப்பதால் மட்டும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

7. பறவைக்குத் தீவனத்தைவிடத் தண்ணீர்

புதியவர்கள் முதலில் வாங்குவது தீவனக் கூண்டு. நான் முதலில் வைக்கச் சொல்வது தண்ணீர்த் தட்டு. அது 2.5 முதல் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாமலும், கால் வழுக்காத சொரசொரப்போடும் இருக்க வேண்டும். ஆழமான தட்டு கிடைத்தால் நடுவில் ஒரு தட்டைக் கல்லை வைத்துவிடலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். கொசு முட்டை பொரிந்து பறக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆகும் என்பதால் அந்தத் தொல்லையும் வராது.

தீவனம் வைத்தால் வாரம் ஒருமுறை கூண்டைக் கழுவ வேண்டும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்திற்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மீண்டும் நிரப்புங்கள். அழுக்கான கூண்டு சால்மொனெல்லா போன்ற நோய்களைப் பறவைக்குப் பறவை பரப்பிவிடும். நோயுற்ற பறவை ஒன்றைக் கண்டால் சில வாரங்களுக்குத் தீவனத்தையே நிறுத்திவிடுங்கள். கூண்டைச் சன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில் வைத்தால் பறவை வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுவதும் உதவும். ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவதால் பயனில்லை.

குஞ்சுகளை வளர்க்கும் காலத்தில் பெரும்பாலான சிறு பறவைகளுக்குத் தேவை தானியமல்ல, புழுக்கள்தாம். வட அமெரிக்காவின் சிக்கடீ என்னும் சின்னஞ்சிறு குருவி ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்க ஆயிரக்கணக்கான புழுக்களைப் பிடித்து ஊட்டுகிறது. செடிக்கு மருந்தடித்துவிட்டுப் பறவை வரவில்லையே என்று கேட்பதில் பொருளில்லை.

வேலியையும் புதரையும் கவாத்து செய்வதை வசந்தத்திற்கு முன்பே முடித்துவிடுங்கள். பல நாடுகளில் பயன்பாட்டிலுள்ள காட்டுப்பறவைக் கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். இறகு முளைத்த குஞ்சு ஒன்று தரையில் தத்தித் தத்திப் போவதைக் கண்டால் எடுத்து வளர்க்க முயலாதீர்கள். பறக்கப் பழகும் பருவம் அது, தாய்ப்பறவை பக்கத்தில்தான் இருக்கும். பூனையை அந்தச் சில நாள்கள் வீட்டுக்குள் வைத்திருந்தால் போதும்.

8. முதல் வெயிலில் பெருக்கித் தள்ளாதீர்கள்

குளிர் விலகிய முதல் ஞாயிற்றுக்கிழமையே சருகுகளைக் கூட்டி எரிக்கத் தோன்றும். அந்தச் சருகுக்கு அடியில் கூட்டுப்புழுக்களும் வண்டுகளும், காய்ந்த தண்டுகளின் பொந்தில் தேனீக்களும் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிலைக்கும் வரை காத்திருங்கள். அதன் பின்னும் காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டாமல் ஒரு முழ உயரத்திற்கு விட்டு வெட்டினால், அந்த ஆண்டில் புதிய தேனீக்கள் அவற்றில் குடியேறும்.

9. பார்க்க நேரம் ஒதுக்கி, குறித்து வையுங்கள்

பறவைகளுக்கு விடியற்காலையும், தேனீக்களுக்கு வெயில் ஏறிய முற்பகலும் ஏற்ற நேரம். ஒரே நாற்காலியை ஒரே இடத்தில் போட்டுப் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. பெயர் தெரியாத பூச்சியைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இனம் கண்டறிய உதவி கிடைக்கும். பறவையின் குரலை மெர்லின் செயலி கேட்டுச் சொல்லும். இரண்டும் இலவசம். வீட்டு முகவரி வெளியே தெரியாதிருக்க, பதிவேற்றும்போது இருப்பிடத்தை மறைக்கும் வசதியைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள்.

ஒரு குறிப்பேட்டில் எது எந்தத் தேதியில் பூத்தது, எது பூக்கவில்லை, எந்தப் பூவில் எது வந்து உட்கார்ந்தது என்று எழுதிவைத்து, வாங்கிய பொட்டலங்களின் சீட்டுகளையும் ரசீதுகளையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். வசந்தத்தின் உச்சத்தில் ஒருநாள் தோட்டத்தின் வெற்றிடங்களையும் படமெடுத்து, அந்தந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். இலையுதிர்காலத்தில் கிழங்குப் பையோடு வந்து நிற்கும்போது தரை முழுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். ஏற்கெனவே நட்ட கிழங்கின் மேலேயே மண்வெட்டியை இறக்கிவிடாமல் காப்பாற்றுவது அந்தக் குச்சிதான்.